பைத்தான் 2.7இல் எழுதிய பூக்கடைக் கணக்கு நிரல்: பழைய கணினியிலும் புதிய கணினியிலும் ஒரே நிரலை ஓட்ட வழி உண்டா?

மாட்டுத்தாவணியான் கேட்டது:

வணக்கம். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் 11 கமிஷன் கடைகளுக்குக் கணக்கு நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். நான் எழுதியதன்று, என்னுடன் தொழில் செய்த கூட்டாளி 2013இல் பைத்தான் என்னும் நிரல்மொழியின் 2.7 பதிப்பில் எழுதிவிட்டு, பின்னர் வேறு ஊருக்குப் போய்விட்டார். விடியற்காலையில் விவசாயிகள் கொண்டுவரும் பூவை எடை போட்டு, விற்ற விலையைப் பதிந்து, கமிஷனையும் முன்பணத்தையும் கழித்து, மீதித் தொகைக்குச் சீட்டு அச்சிடுவதே அதன் வேலை. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பெரிய தொல்லை இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது கடைக்காரர்கள் சீட்டிலேயே க்யூஆர் குறியீடு வேண்டும் என்கிறார்கள். அதற்கு நான் எடுக்க விரும்பும் நூலகம் பைத்தான் 3இல்தான் ஓடும். நூலகங்களை நிறுவும் பிப் கருவியே 2021 ஜனவரியில் வந்த 21.0 பதிப்பிலிருந்து பைத்தான் 2ஐக் கைவிட்டுவிட்டது. எனவே பைத்தான் 2 நிரலைப் பைத்தான் 3க்கு மாற்றித் தரும் டூ-டு-த்ரீ கருவியைக் கொண்டு நிரலை மாற்றி, புதிய கணினி வாங்கிய கடைகளுக்குப் பைத்தான் 3 பிரதியையும், மற்றவர்களுக்குப் பழைய பிரதியையும் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் இரண்டு பிரதிகளும் தனித்தனி வழியில் போய்விட்டன. ஒன்றில் திருத்திய பிழையை மற்றொன்றில் திருத்த மறந்துவிடுகிறேன்.

இதைவிடக் கலக்கம் தருவது வேறொன்று. ஒரே சீட்டை இரண்டு பிரதிகளிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டரைக் கிலோ மல்லி, கிலோ 650 வீதம் 1625 ரூபாய். பத்து விழுக்காடு கமிஷன் இரண்டிலும் 162. மூன்றரைக் கிலோ, 470 வீதம் 1645 ரூபாய். கமிஷன் இரண்டிலும் 164. சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகக் கடைக்கு அனுப்பினேன். அன்றைக்கே மூன்று கிலோ, 545 வீதம் 1635 ரூபாய்க்குப் பழைய பிரதி 163 என்றும் புதிய பிரதி 164 என்றும் காட்டின. சில சீட்டுகள் ஒத்துப்போகின்றன, சில ஒரு ரூபாய் மாறுகின்றன. அதில் ஓர் ஒழுங்கும் எனக்குப் புலப்படவில்லை. கமிஷன் கணக்கிடும் வரி ஒன்றுதான்: தொகையைப் பத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, அதை அருகிலுள்ள முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்கிறது. தொகையை முழு ரூபாயாகவே சேமிக்கிறோம்.

இரண்டு பதிப்பிலும் ஓடக்கூடிய ஒரே நிரலாக இதை எழுத முடியுமா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அனுப்பானடி எழுதியது:

முதலில் அந்த ஒரு ரூபாயைப் பார்த்துவிடுவோம், தம்பி. அதில் ஒழுங்கு இருக்கிறது; ஆனால் இரண்டு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

பைத்தான் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். பின்னப் பகுதி சத்தமின்றி விழுந்துவிடும். 16350ஐ நூறால் வகுத்தால் 163 என்றே வரும். அதற்கு வெளியே உங்கள் கூட்டாளி போட்டிருக்கும் ரவுண்ட் வெறும் அலங்காரம். ரவுண்ட் செய்ய அங்கே பின்னமே இல்லை. பைத்தான் 3இல் அதே வகுத்தல் 163.5 என்று தரும். இப்போதுதான் அந்த ரவுண்டுக்கு முதன்முறையாக வேலை வருகிறது, 164 ஆக்கிவிடுகிறது.

அப்படியானால் 162.5 ஏன் 163 ஆகவில்லை என்று கேட்பீர்கள். அதுதான் இரண்டாவது மாற்றம். சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் 2 பூச்சியத்திலிருந்து விலகிய பக்கம் தள்ளும். பைத்தான் 3 அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். எனவே 162.5 என்பது 162 ஆகும், 163.5 என்பது 164 ஆகும், 164.5 மறுபடியும் 164 ஆகும். நீங்கள் சோதனைக்கு எடுத்த இரண்டு தொகையும் தற்செயலாக இரட்டை எண் பக்கம் விழுபவை. ஆகவே ஒரு மாற்றம் உண்டாக்கிய வேறுபாட்டை மற்றொன்று மூடிவிட்டது. 1627, 1628, 1629 என்று போட்டிருந்தால் மூன்றிலும் வேறுபாடு அப்போதே தெரிந்திருக்கும்.

இங்கே பலர் செய்யும் அவசரத் திருத்தம் ஒன்றுண்டு. பைத்தான் 2 பிரதியின் தலைப்பில் ஃபியூச்சர் தொகுதியிலிருந்து டிவிஷனை இறக்கிவிட்டால் வகுத்தல் இரண்டிலும் ஒன்றாகிவிடும் என்பார்கள். வகுத்தல் ஒன்றாகும், உண்மை. ஆனால் அதன் பிறகு 162.5ஐப் பழைய பிரதி 163 என்றும் புதிய பிரதி 162 என்றும் காட்டும். நேற்று வரை ஒத்துப்போன சீட்டு இன்று மாறிப்போகும். எனவே ரவுண்டையே தூக்கிவிட்டு, இரட்டைச் சாய்கோடு, அதாவது // குறியிட்டு வகுங்கள். இரண்டு முழு எண்களுக்கு அது எல்லாப் பதிப்பிலும் ஒரே விடையைத்தான் தரும். பின்னத்தை விடாமல் பாதியையும் அதற்கு மேற்பட்டதையும் ஏற்ற வேண்டுமென்றால், பத்தால் பெருக்கிய பின் ஐம்பதைக் கூட்டி, பிறகு // இட்டு நூறால் வகுத்தால் போதும்.

எந்த முறை சரி என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இத்தனை ஆண்டுகளாக அந்த நிரல் பின்னத்தை விட்டுவிட்டே கமிஷன் எடுத்திருக்கிறது. அதாவது உதிர்ந்த பைசா ஒவ்வொரு சீட்டிலும் விவசாயிக்குப் போயிருக்கிறது. அது திட்டமிட்டதா, தற்செயலா என்பது தெரியாது. ஆனால் கடைக்காரரும் விவசாயியும் அந்தக் கணக்குக்குப் பழகிவிட்டார்கள். நிரல்மொழியின் பதிப்பு மாறியது என்பதற்காக ஒருவர் கையிலிருந்து ஒரு ரூபாய் இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது. கடைக்காரரைக் கேட்டு எழுதுங்கள்.

இனி உங்கள் பொதுக் கேள்விக்கு வருகிறேன். டூ-டு-த்ரீ ஒருவழிப் பாதை. அது மாற்றித் தரும் நிரல் பைத்தான் 2இல் திரும்ப ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. பைத்தான் 3.13இலிருந்து அந்தக் கருவியே நீக்கப்பட்டுவிட்டது. இரண்டிலும் ஓடும் நிரல் வேண்டுமென்றால், இரண்டுக்கும் பொதுவான பகுதிக்குள் நின்று எழுத வேண்டும். அந்தப் பொதுப் பகுதி சிறியதன்று. 2008 டிசம்பரில் 3.0 வெளிவந்தபோது அது மிகவும் குறுகலாக இருந்தது. பிறகு 2010இல் வந்த 2.7 தன் பக்கத்திலிருந்து கொஞ்சம் நெருங்கியது, 2012இல் வந்த 3.3 மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் இறங்கிவந்தது. யூனிகோடு சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், முன்னால் இடும் யு என்னும் எழுத்தை 3.0 பிழை என்று தள்ளியிருந்தது. பலரும் முறையிட்டதால் 3.3 அதைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. 2.7க்கான ஆதரவை 2015இல் நிறுத்துவதாக இருந்தவர்கள், 2014இல் அதை 2020 வரை நீட்டித்ததும் இந்த இழுபறியால்தான். அந்த ஆண்டுகளில் இரண்டு பதிப்புகளின் வேறுபாட்டை மறைக்கும் சிக்ஸ் என்னும் சிறு நூலகம் பல திட்டங்களில் இருந்தது; இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு என்பதே அந்தப் பெயர்.

பிரிண்ட் அடைப்புக்குறியுடன் வருவதும், எக்செப்ட் வரியில் காற்புள்ளிக்குப் பதிலாக ஆஸ் என்று எழுதுவதும் இங்கே கவலைப்படும்படியானவையல்ல. தவறாக இருந்தால் நிரல் கூச்சலிட்டு நின்றுவிடும். பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். கூச்சலிடாமல் விடையை மாற்றுகிறவற்றைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பழைய பைத்தானிலேயே இரண்டு உதவிகள் உண்டு. 2.7ஐ இயக்கும்போது கழித்தல் குறியும் 3உம் சேர்த்துக் கொடுத்தால், பைத்தான் 3க்கு ஒத்துவராத பல இடங்களை எச்சரிக்கையாகச் சொல்லும். கழித்தல் குறி, பெரிய க்யூ, அதை ஒட்டி வார்ன் என்று கொடுத்தால் முழு எண் வகுத்தல் நடக்கும் ஒவ்வொரு வரியையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த வரி வழியாக நிரல் உண்மையில் போனால்தான் காட்டும் என்பதால், ஒரு நாள் சந்தைக் கணக்கு முழுவதையும் ஓட்டிப் பாருங்கள்.

சோதனைக்குக் கையால் தொகை தேர்ந்தெடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். கடைகளில் சேமித்திருக்கும் பழைய சீட்டுகளை எடுத்து, இரண்டு பைத்தானிலும் மறுபடி ஓட்டி, வெளிவரும் சீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து மல்லி விலை ஏறும் நாள்களும், தை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கூட்டமும் அதில் இருக்கட்டும்.

தெப்பக்குளம் எழுதியது:

பிஎச்பியில் இதே நோயைப் பார்த்தவன் என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 7இலிருந்து 8க்கு மாறியபோது, நீக்கப்பட்ட ஃபங்ஷன்கள் எல்லாம் அன்றைக்கே அகப்பட்டுவிட்டன. ஆனால் 0 என்ற எண்ணையும் எழுத்துகளாலான ஒரு சொல்லையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 7இல் சமம் என்றும் 8இல் சமமில்லை என்றும் வரும். ஒரு கல்லூரியின் கட்டண நிரலில் அந்த ஒரு ஒப்பீட்டால் விலக்குப் பெற்ற மாணவர்களின் பட்டியலே மாறிப்போய், அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பருவம் ஆயிற்று. அனுப்பானடி ஐயா சொன்னபடி பழைய தரவை மறுபடி ஓட்டி ஒப்பிட்டிருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

நரிமேடு எழுதியது:

முந்தைய பதில்கள் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டு விடை சொல்லியிருக்கின்றன. நான் கேள்வியையே கொஞ்சம் அசைத்துப் பார்க்க விரும்புகிறேன். பழைய கடைகளுக்கு ஏன் 2.7 வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து, கணினி பழையது, ஆகவே பைத்தானும் பழையதாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. இவை இரண்டும் வேறு. விண்டோஸ் 7இல் பைத்தான் 3.8 வரை ஓடும், 3.9க்குத்தான் விண்டோஸ் 8.1 வேண்டும். விண்டோஸ் 7இல் சர்வீஸ் பேக் 1உம் அதற்குப் பின் வந்த புதுப்பிப்புகளும் போடப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. விண்டோஸ் நிறுவியுடன் கிடைக்கும் கடைசி 3.8 பதிப்பு 2021 மே மாதத்தில் வந்த 3.8.10, அதற்குப் பின் வந்தவை மூல நிரலாக மட்டுமே கிடைக்கின்றன. எனவே தேடும்போது அந்த எண்ணைப் பார்த்து எடுங்கள். கணினி 32 பிட் என்றால் அதற்குரியதை எடுங்கள்.

இதைச் செய்துவிட்டால் நீங்கள் தாண்ட வேண்டிய இடைவெளி 2.7க்கும் 3.13க்கும் இடையே இல்லை, 3.8க்கும் 3.13க்கும் இடையேதான். முன்னது வைகையில் வெள்ளம் வரும்போது கடப்பது போன்றது, பின்னது மற்ற மாதங்களில் கடப்பது போன்றது. இந்த இடைவெளியில் வகுத்தலோ ரவுண்டோ எழுத்துக் குறியாக்கமோ மாறுவதில்லை. மாறுபவை இரண்டு வகை. 3.8க்குப் பின் வந்த வசதிகளை நீங்கள் பயன்படுத்தக் கூடாது: 3.9இல் வந்த அகராதிகளை இணைக்கும் நெடுங்கோட்டுக் குறி, 3.10இல் வந்த மேட்ச் கட்டளை போன்றவை. அதேபோல், பிறகு நீக்கப்பட்டவற்றையும் பயன்படுத்தக் கூடாது: கலெக்ஷன்ஸ் தொகுதியிலிருந்து நேரடியாக மேப்பிங்கை எடுப்பது 3.10இல் போயிற்று, டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12இல் போயிற்று, சிஜிஐ 3.13இல் போயிற்று. முதல் வகையைப் பழைய கணினியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது வகைக்கு, டெப்ரிகேஷன் எச்சரிக்கையை, அதாவது இது பின்னர் நீக்கப்படும் என்ற அறிவிப்பை, பிழையாகக் கருதும்படி அமைத்து ஓட்டுங்கள். நீக்குவதற்கு முன்பே பெரும்பாலும் சொல்லிவிடும்.

எல்லாக் கடைக்கும் 3.8ஐயே கொடுத்து, இடைவெளியே இல்லாமல் செய்துவிடலாமே என்று தோன்றும். இந்த ஆண்டுக்கு அது நடக்கும். ஆனால் 3.8க்கான ஆதரவு 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. நூலகங்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டு வருகின்றன. உங்களுக்கு வேண்டிய க்யூஆர் நூலகம் அடுத்த பதிப்பில் 3.8ஐ விட்டுவிட்டால், இன்று 2.7இல் நிற்பது போலவே அப்போது 3.8இல் நிற்பீர்கள். ஆகவே இரு முனையிலும் சோதித்துக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று, நிரலைவிடத் தரவு முக்கியம். முன்பணப் பாக்கியை அந்த நிரல் எப்படிச் சேமிக்கிறது? 2013ஆம் ஆண்டு நிரல் என்றால், பைத்தான் தன் தரவை அப்படியே எழுதிவைக்கும் பிக்கிள் கோப்பாக இருக்கலாம் என்று அஞ்சுகிறேன். அப்படியானால் பைத்தான் 2 எழுதிய பிக்கிளில் தமிழ்ப் பெயர்கள் பைட்டுகளாக இருக்கும். பைத்தான் 3 அதை ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியாக்கம் என்று எண்ணித் திறக்கப் பார்த்துப் பிழை காட்டும். தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியாக்கம் என்று சொல்லித் திறந்தால் பெயர்கள் வந்துவிடும், ஆனால் தேதிகள் இடறும். தேதிகளுக்கு லத்தீன்-1 என்று சொல்லித் திறக்க வேண்டும், அப்போது பெயர்கள் கெடும். மறுபுறம், பைத்தான் 3 இயல்பாக எழுதும் பிக்கிளைப் பைத்தான் 2 திறக்கவே திறக்காது. அதற்கு 2 வரையிலான நெறிமுறைதான் தெரியும். எனவே 2.7ஐக் கணினியிலிருந்து எடுப்பதற்கு முன், 2.7ஐக் கொண்டே எல்லாவற்றையும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு மாற்றிவிடுங்கள். அது இரண்டு பைத்தானுடனும் கூடவே வருவது. கோப்பும் இரண்டிலும் திறக்கும்.

மாட்டுத்தாவணியான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நரிமேடு அக்கா கேட்ட கேள்வியை நான் எனக்கே கேட்டுக்கொண்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடை கடையாகப் போய்ப் பார்த்தேன். விண்டோஸ் 11 இரண்டு கடை, விண்டோஸ் 10 இரண்டு கடை, விண்டோஸ் 7 ஆறு கடை. பதினோராவது கடையில் இன்னும் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணினியின் மேல் எப்போதும் ஒரு ஈரத்துணியும் வாழைநாரும் கிடக்கும், அப்படியும் அது நின்றதில்லை. விண்டோஸ் 7 கணினிகளில் ஐந்தில் 3.8.10 அமைதியாக ஏறிவிட்டது. ஒன்றில் மட்டும் சர்வீஸ் பேக் 1ஐத் தேடிப் போட வேண்டியிருந்தது.

பாக்கிக் கணக்கு பிக்கிள்தான்; அக்கா சொன்ன இரண்டு பிழைகளும் அதே வரிசையில் வந்தன. 2.7ஐக் கொண்டு எஸ்க்யூலைட்டுக்கு மாற்றிவிட்டேன்.

பழைய சீட்டுகளை மறுபடி ஓட்டியதில் எதிர்பாராத ஒன்று அகப்பட்டது. விவசாயி திருப்பிக் கட்டும் தொகை பாக்கியைவிடக் குறைவாக இருந்தால் எச்சரிக்கை காட்டும் வரி ஒன்று நிரலில் இருக்கிறது. திரையில் தட்டிய தொகை எழுத்துச் சரமாகவே வந்து எண்ணுடன் ஒப்பிடப்படுகிறது. பைத்தான் 2இல் சரம் எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்பதால் அந்த எச்சரிக்கை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட வந்ததில்லை. பைத்தான் 3 அந்த வரியில் நின்று, இவை இரண்டையும் ஒப்பிட முடியாது என்று சொல்லிவிட்டது. அப்படியோர் எச்சரிக்கை இருப்பதே கடைக்காரர்களுக்குத் தெரியாது.

இப்போது எனக்குத் தெளிவாகாதது பெயர்கள்தான். சீட்டில் ஊர்ப் பெயருக்கு 30 இடம் என்று வைத்து, அதற்கு மேல் வெட்டிவிடும்படி எழுதியிருக்கிறது. பழைய பிரதியில் உசிலம்பட்டி என்பது உசிலம்பட்ட என்றே அச்சாகும். கடைக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். புதிய பிரதியில் முழுப் பெயர் வருகிறது. ஆனால் ஊரும் தெருவும் சேர்ந்த நீண்ட பெயர்கள் அடுத்த கட்டத்துக்குள் புகுந்துவிடுகின்றன. மேலும், விண்டோஸ் 11 கணினியில் பெயர்ப் பட்டியல் கோப்பைத் திறக்கும்போது முத்து என்று தொடங்கும் ஒரு கோப்பு பிழை காட்டுகிறது; மாரி என்ற பெயர் மட்டும் உள்ள சோதனைக் கோப்பு பிழையின்றித் திறந்து, புரியாத எழுத்துகளைக் காட்டுகிறது. ஒரே கணினி, ஒரே பைத்தான், இரண்டும் தமிழ்.

அனுப்பானடி எழுதியது:

உசிலம்பட்டிக்கு மூன்று நீளம் உண்டு. கண்ணால் எண்ணினால் ஏழு எழுத்து. யூனிகோடு கணக்கில் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி என்பதால் பதினொன்று. யூடிஎஃப்-8 பைட்டுக் கணக்கில், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு என்பதால் முப்பத்து மூன்று. பைத்தான் 2இன் சாதாரண சரம் பைட்டுகளை எண்ணுவது. முப்பதில் வெட்டியதும் கடைசி மூன்று பைட்டான இகரக் குறி மட்டும் போய்விட்டது. முப்பது மூன்றால் வகுபடும் எண் என்பதால் எழுத்து நடுவில் உடையாமல் தப்பித்தீர்கள். உங்கள் கூட்டாளி அதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பைத்தான் 3 யூனிகோடு குறியீடுகளை எண்ணுவது. அங்கே முப்பது என்பது முன்பு இருந்ததைப் போல மூன்று மடங்கு இடம்.

பத்து என்று மாற்றினால் பழைய சீட்டு அப்படியே வரும், உசிலம்பட்ட உட்பட. அது வேண்டாம் என்றால் யூனிகோடுடேட்டா தொகுதியைக் கொண்டு ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் கேளுங்கள். எம் என்று தொடங்கும் வகையெல்லாம் துணைக் குறிகள். அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காமல், அவை சார்ந்த எழுத்தோடு ஒட்டியே வைத்துக்கொண்டால் வெட்டு எப்போதும் முழு எழுத்தில் விழும். தமிழ் எழுத்துகள் ஒரே அகலமுடையவை அல்ல என்பதால், கட்டத்துக்குள் சரியாக அடங்க வேண்டுமென்றால் அச்சிடும் எழுத்துருவில் அகலத்தை அளந்துதான் வெட்ட வேண்டும்.

முத்துவும் மாரியும் வேறுபடுவதற்குக் காரணம் குறியாக்கம். கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தைச் சொல்லாவிட்டால், விண்டோஸில் பைத்தான் 3 கணினியின் இயல்புக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் 1252 எனப்படும் ஐரோப்பியக் குறியாக்கம். அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. தமிழின் உகரக் குறியும் புள்ளியும் யூடிஎஃப்-8இல் முடியும் பைட்டுகள் அந்தக் காலி இடங்களில் இரண்டில் போய் விழுகின்றன. முத்துவில் இரண்டு உகரக் குறியும் ஒரு புள்ளியும் உண்டு, எனவே பிழை. மாரியில் ஆகாரக் குறியும் இகரக் குறியும்தான்; அவற்றுக்கு அந்த அட்டவணையில் ஏதோவோர் எழுத்து இருக்கிறது, எனவே பிழையில்லாமல் குப்பை. பிழை காட்டியது முத்து செய்த உபகாரம். எல்லாக் கோப்புகளையும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லியே திறந்து எழுதுங்கள், ஓரிடம்கூட விட்டுவிடாதீர்கள்.

நரிமேடு எழுதியது:

எக்ஸ்பி கடையைப் பற்றி: எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.4. அந்த ஒரு கணினிக்காக 3.6இல் வந்த, சரத்துக்குள்ளேயே மதிப்புகளை இட்டு எழுத உதவும் எஃப்-சரங்கள் முதல் எல்லாவற்றையும் பத்துக் கடைக்கும் விட்டுக்கொடுப்பது நியாயமில்லை. அந்தக் கடைக்குப் பழைய 2.7 பிரதியை அப்படியே உறையவைத்து, க்யூஆர் வராது, புதிய வசதி எதுவும் வராது என்று சொல்லிவிடுங்கள். கணினி மாற்றும் நாளில் எஸ்க்யூலைட்டுக்கு மாற்றித் தரும் சிறு நிரலை மட்டும் தயாராக வைத்திருங்கள்.

இன்னொரு சந்தேகம். கமிஷனை // இட்டு வகுத்து எழுதிவிட்டீர்களா? பூ அழுகிவிட்டது என்று திருப்பி, சீட்டை ரத்து செய்யும்போது தொகையைக் கழித்தல் குறியுடன் பதிகிறீர்களா? // பின்னத்தை வெட்டுவதில்லை, கீழ்நோக்கி இறக்குகிறது. 1635க்குக் கமிஷன் 163. ஆனால் கழித்தல் 1635க்குக் கழித்தல் 164 வரும். சீட்டும் ரத்தும் ஒன்றையொன்று தீர்க்காமல் ஒரு ரூபாய் மிஞ்சும். பைத்தான் 2இன் பழைய வகுத்தலும் இப்படித்தான் இறக்கும் என்பதால், இது புதிதாக வந்த பிழையாக இருக்காது. ரத்து செய்யும்போது மறுபடி கணக்கிடாமல், மூலச் சீட்டில் உள்ள கமிஷனையே எடுத்துக் குறியை மாற்றிப் பதியுங்கள்.

மாட்டுத்தாவணியான் எழுதியது:

ஆமாம் அக்கா, கழித்தல் குறியுடன்தான் பதிகிறோம். உங்கள் பதிலைப் படித்துவிட்டு இன்று காலையில் ஒரு கடையின் பழைய பேரேட்டைப் புரட்டினேன். ரத்தான சீட்டு வந்த பல நாள்களில், நாள் முடிவுக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்திருக்கிறது. கணக்குப்பிள்ளை அதன் எதிரே பேனாவால் 'சில்லறை' என்று எழுதிச் சரிக்கட்டியிருக்கிறார். எத்தனை வருடமாக என்று கேட்டேன். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அப்படித்தான் என்றார்.

கமிஷன் முறையைப் பற்றிக் கடைக்காரர்களையும் கேட்டுவிட்டேன். இரண்டு பேர் எப்படியானாலும் சரி என்றார்கள். மற்றவர்கள் உதிர்கிற பைசா இதுவரை போன பக்கமே போகட்டும் என்றார்கள். எனவே // அப்படியே இருக்கிறது. ரத்துக்கு மட்டும் மூலச் சீட்டின் தொகையை எடுக்கும்படி மாற்றிவிட்டேன். நாளை விடியற்காலையில் இரண்டு கடைகளில் 3.8இலும் 3.13இலும் ஒரே நிரலை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.